கயிறு கட்டிய கேரியர்

2024 ஜூன் 3, திங்கள், காலை 9.12

பின்தொடர்பவர்கள் 61. வீடுகள் 3.

முதல் எண் இன்ஸ்டாகிராமில் இருப்பது. அதில் பதினாலு பேர் சொந்தக்காரர்கள், ஒருவன் நான். இரண்டாவது எண் மதினியின் கணக்கு. வாடிக்கையாளர் என்ற சொல் அவர் வாயில் வராது. பிள்ளை பெற்ற வீடு, ஆகவே வீடு.

செண்பகம் மதினி என் அண்ணன் மனைவி. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்க அடுப்படியில் பத்தியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறார். பிரசவமான பெண்ணுக்கு நாற்பது நாள், மூன்று வேளை, கேரியரில். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை. பிரமாதமாகச் சமைக்கிறார். விற்கத் தெரியவில்லை. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் சமையல் மேற்பார்வை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆடி ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அதுக்குள்ள பத்து வீடு வந்தா இந்த அடுப்பு எரியும். இல்லன்னா காலையில அஞ்சரை பஸ்சு" என்றார்.

பஸ்ஸில் போய்வரும் நேரத்தைக் கணக்கிட்டேன். நாளுக்கு மூன்றரை மணி. முட்டாள்தனம். ஆகவே இன்றிலிருந்து விளம்பரம் என் பொறுப்பு. எலெக்ட்ரானிக்ஸ் படித்து, சென்னையில் நான்கு வருடம் விளம்பர எண்களை அலசியவன் நான். ஏப்ரலிலிருந்து ஓர் இடைவெளி எடுத்துக்கொண்டு இங்கே மாடி அறையில் இருக்கிறேன்.

சமையல் கைவேலைக்கும் மொபெட்டில் கேரியர் கொண்டுபோவதற்கும் பேச்சியக்கா. தபால்காரர் வந்தால்கூட அவர் மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். என்னிடம் இரண்டு மாதமாக எதுவும் கேட்டதில்லை. நல்லது, நேரம் மிச்சம்.

மத்தியானம் என் சாப்பாடு சின்னக் கேரியரில் மாடிக்கு வந்தது. பிடியில் ஒரு கறுப்புக் கயிறு. மற்றதோடு மாறிவிடாமல் இருக்க அடையாளம் போல. ஸ்டிக்கர் ஒட்டலாம். சொன்னால் கேட்கமாட்டார்கள்.

ஜூன் 8, சனி

திங்கட்கிழமையே பால்சுறாப் புட்டு ரீல் போட்டுவிட்டேன். பின்னணியில் இந்த வாரம் எல்லோரும் போடும் இசை. ஐந்து நாளில் 11,340 பார்வைகள்.

வந்த செய்திகள் 26. அதில் செய்முறை கேட்டவர்கள் 19. மலேசியாவுக்கு கூரியர் உண்டா என்று 4. ஜிம் பையன்கள், புரோட்டீன் எத்தனை கிராம் என்று 2. "கை அழகாக இருக்கிறது, கல்யாணம் ஆகிவிட்டதா" என்று 1. அது பேச்சியக்காவின் கை. அவருக்கு வயது ஐம்பத்தி மூன்று.

"பதில் போட்டியளா தம்பி?"

"இல்லக்கா."

"ஏன், நல்ல இடமா இருக்கும்லா" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போனார். மதினி சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டார்.

புதிய வீடுகள் 0.

ஜூன் 10, திங்கள்

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். இருக்கிற மூன்று வீட்டுக்கும் போன் போட்டு, எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டேன். இன்ஸ்டாகிராம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் யாரோ வாட்ஸ்அப்பில் மதினியின் குரலை அனுப்பியிருக்கிறார்கள். எப்போதோ ஒரு பெண்ணுக்கு, பூண்டு ஏன் நல்லெண்ணெயில் வதங்க வேண்டும் என்று மதினி பேசிப் பதிந்த நாற்பது விநாடி. அது இரண்டு வருடமாகத் தானாக ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மூன்று வீட்டிலும் சாப்பாட்டை ஏற்பாடு செய்தது பிள்ளை பெற்றவள் அல்ல, அவள் அம்மா.

நான் ஒரு வாரமாகத் தவறான ஊரில், தவறான வயதுக்காரர்களிடம், தவறான இசையோடு கத்திக்கொண்டிருந்தேன். எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது: யார் சாப்பிடுகிறார் என்பது ஒன்று, யார் முடிவெடுக்கிறார் என்பது வேறொன்று.

மாற்றங்கள் உடனே. இசை கிடையாது, மதினி குரல்தான். விளம்பரம் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு மட்டும், நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும்.

ஜூன் 12, புதன்

மதினி பேசின காணொளி. நான் எழுதிக் கொடுத்ததைப் படிக்க மறுத்துவிட்டார். "ஆபரேஷன் பண்ணின பிள்ளைகளுக்கு எடுத்த உடனே கருவாடு அனுப்ப மாட்டோம். டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க. அவசரப்படுத்தினா வேற இடம் பாத்துக்கிடுங்க" என்று கேமராவை முறைத்தார்.

விற்க வேண்டிய இடத்தில் விரட்டுகிறாரே என்று தலையில் கை வைத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு அம்மாக்கள் பேசினார்கள். இரண்டு பேருமே, "அந்த முறைச்ச அம்மாகிட்ட குடுங்க" என்றார்கள். ஜூலைப் பிரசவங்கள், இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள்.

வீடுகள் 5. சொல்லி வைத்ததையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

ஜூன் 17, திங்கள்

வீடுகள் 6. தியாகராஜ நகர், தங்கபுஷ்பம் அம்மா வீடு. மகள் அனுசுயாவுக்குப் பொம்பளைப் பிள்ளை. மதினி போனில் குரலைத் தாழ்த்திப் பேசினார், எனக்குக் கேட்டது அவ்வளவுதான். அந்தக் கேரியரிலும் மதினி ஒரு கறுப்புக் கயிறு கட்டினார். எதற்குக் கட்டுகிறார், எதற்குக் கட்டுவதில்லை என்று ஒரு முறையே இல்லை.

ஜூன் 19, புதன்

பேச்சியக்காவின் மொபெட் பஞ்சர். மத்தியானக் கேரியரை நானே பைக்கில் கொண்டுபோனேன். தங்கபுஷ்பம் அம்மா வீட்டு கேட் நீல நிறம், நடுவில் பித்தளை மயில். வெயில் சரியாகக் கேரியர் மேல் விழுந்தது. இப்படி ஒரு படம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. கயிறுதான் அசிங்கமாகத் தொங்கியது. சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியால் அறுத்துவிட்டு எடுத்தேன்.

"தியாகராஜ நகரில் இந்த வீட்டுக்கு வந்திருக்கும் குட்டி இளவரசிக்கு வாழ்த்துகள்! அம்மாவுக்கு மூன்றாம் நாள் பத்தியம், நம் அடுப்பிலிருந்து."

ஐந்து கிலோமீட்டர் சுற்றளவு. ஓடட்டும்.

ஜூன் 20, வியாழன்

1,846 பேர் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதே பகுதி. கருத்துகள் 73. இதுவரை போட்டதில் இதுதான் சிறந்தது. குறி என்றால் இது குறி. எல்லாவற்றையும் படமெடுத்து அறிக்கைக்கு வைத்துக்கொண்டேன்.

ஜூன் 21, வெள்ளி

பதிவை அழித்துவிட்டேன்.

காலை எட்டேகாலுக்கு தங்கபுஷ்பம் அம்மா பேசினார். மதினி ஸ்பீக்கரில் போட்டிருந்தார், கையெல்லாம் மாவு.

"செண்பகம், ஒன்ன நம்பித்தான சொன்னேன்? ஏழாம் மாசம் பொறந்த பிள்ள. இன்னும் ஆஸ்பத்திரியில பெட்டிக்குள்ள கெடக்கு. ரெண்டு தடவ தங்காமப் போயி, மூணாவதா இது. ஒரு ஈ காக்கைக்குச் சொல்லல நாங்க. நேத்துல இருந்து தெருவே வருது. கவுனும் சீனி டப்பாவுமா வாசல்ல வந்து நிக்காவ. 'பிள்ளையக் காட்டு, பிள்ளையக் காட்டு'ன்னு. நான் எந்தப் பிள்ளையக் காட்ட? அனு ரூமப் பூட்டிக்கிட்டா. சாப்பிடல."

மதினி மாவுக் கையாலேயே போனை அணைத்தார். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பேச்சியக்காதான் கேட்டார். "தம்பி, அந்தக் கேரியர்ல கயிறு கட்டியிருந்துச்சே, பாக்கலயா?"

"அறுத்துட்டேன்."

"அறுத்துட்டியளா!" அடுப்படிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "கயிறு கட்டுன கேரியர்னா அந்த வீட்டுல வாயத் தொறக்கக் கூடாது தம்பி. பிள்ள எப்படி இருக்கு, யாரு மாதிரி இருக்கு, ஒண்ணும் கேக்கக் கூடாது. குடுத்துட்டு வந்துரணும். என் வாயி எப்படின்னு ஒங்களுக்குத் தெரியும்லா? எனக்காவத்தான் மதினி கயிறு கட்டுதாவ. அதப் பாத்தா நாக்கக் கடிச்சிக்கிடுவேன்."

மத்தியானம் என் கேரியர் மாடிக்கு வந்தது. பிடியைப் பார்த்தேன். சாப்பிட்டேன். கழுவி வைத்தேன்.

ஜூன் 22, சனி

ஜூலைக்குச் சொல்லி வைத்த இரண்டு அம்மாக்களும் விலகிவிட்டார்கள். ஒருவர், "எங்க வீட்டு கேட்டையும் போட்டுருவீங்களோ" என்றார். இல்லை என்று சொன்னேன். நான் அவராக இருந்தாலும் நம்பமாட்டேன்.

வீடுகள் 4. தங்கபுஷ்பம் அம்மா, "சாப்பாடு வரட்டும். என் மகளுக்குப் பால் ஊறணும். அந்தப் பையன் இந்தத் தெருப் பக்கம் வரக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

மதினி விடுதிக்காரர்களின் எண்ணைத் தேடி எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருக்கிறார்.

ஜூன் 24, திங்கள்

வரக் கூடாது என்றார்கள். போனேன். வாசலுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுவது என்று திட்டம். இரண்டு நிமிட வேலை.

தங்கபுஷ்பம் அம்மா கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாகவே பேசினார். "அதான் அழிச்சாச்சுல்லா. எதுக்கு வந்த?"

ஜன்னலிலிருந்து ஒரு குரல். "எத்தன பேரு பாத்தாவ?"

அனுசுயா. நைட்டிமேல் துண்டு போட்டிருந்தார், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. எனக்குப் பொய் சொல்ல வராது. "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு."

"பாத்தியா அனு" என்றார் அம்மா. "சரியா எண்ணி வச்சிருக்கான்."

"கீழ என்ன எழுதியிருந்தாவ? நான் படிக்கதுக்குள்ள போயிருச்சு."

அழித்ததுதான், ஆனால் படமெடுத்து வைத்தது போனில் இருந்தது. கம்பி வழியாகக் கொடுத்தேன். அவர் எழுபத்து மூன்றையும் படித்தார். மகாலெட்சுமி வந்திருக்கா. நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். எங்க வீட்டுக் குட்டிக்கு ஒரு கூட்டாளி வந்தாச்சு. யாரோ முன்பின் தெரியாதவர்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தித் தள்ளினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கடைசிக்குப் பக்கத்தில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "'புட்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா'ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. பதில் சொன்னீங்களா?"

"இல்ல. அதுக்குள்ள அழிச்சிட்டேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவ எடை ஆயிரத்து முன்னூத்தி எண்பது கிராம். நீங்க எண்ணுற ஆளுல்லா? இத எண்ணுங்க. நான் தெனமும் அனுப்புதேன். வேற யாருட்டயும் சொல்லப் பயமா இருக்கு."

தங்கபுஷ்பம் அம்மா என்னை முறைத்துக்கொண்டே நின்றார். போகச் சொல்லவும் இல்லை.

ஜூன் 25

1,395 கிராம்.

ஜூன் 28

1,450 கிராம். மதினியிடம் சொன்னேன். "ம்" என்றார். ஆனால் அனுசுயாவின் கேரியரில் இன்று பூண்டு அதிகம்.

ஜூலை 2, செவ்வாய்

1,515 கிராம். வீடுகள் 3. ஒரு வீட்டுக்கு நாற்பது நாள் முடிந்துவிட்டது. அந்தப் பெண் கேரியரைக் கழுவி, உள்ளே கற்கண்டு போட்டு அனுப்பியிருந்தாள்.

பத்து நாளுக்கு மேலாக எதுவும் பதிவிடவில்லை. யோசித்தேன். எங்களிடம் நல்ல புட்டு இருக்கிறது, அது இந்த ஊரில் இருபது இடத்தில் கிடைக்கும். இருபது இடத்திலும் இல்லாத ஒன்று எங்களிடம் இருக்கிறது, அதைத்தான் நான் கத்தியால் அறுத்தேன்.

மதினி கயிறு கட்டுவதைப் படமெடுக்கிறேன் என்று சொன்னேன். கை மட்டும். இந்தக் கயிறு இருந்தால் நாங்கள் எதுவும் கேட்கமாட்டோம், அவ்வளவுதான் செய்தி.

"நீ படிச்சவன்தானல?" என்றார் மதினி. ஜூன் 21க்குப் பிறகு என்னிடம் பேசின முதல் முழு வாக்கியம். "கயிறுன்னா என்னன்னு ஊருக்குச் சொல்லிட்டா, பொறவு கயிறு கட்டுன கேரியர் எந்த வீட்டுக்குப் போகுதுன்னு தெருவே பாக்கும். மறைக்கதுக்குக் கட்டுனது காட்டிக் குடுத்துரும்."

சரிதான். எனக்குத் தோன்றவே இல்லை.

பேச்சியக்கா வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "அப்போ எல்லாக் கேரியர்லயும் கட்டிருவோம். யாருட்டயும் ஒண்ணும் கேக்க மாட்டேன். நான் செத்துருவேன், பரவால்ல."

ஜூலை 3, புதன்

1,530 கிராம். அனுசுயாவிடம் கேட்டுவிட்டுத்தான் பதிவிட்டேன். "எங்க கதையச் சொல்லக் கூடாது. கயிறச் சொல்லிக்கிடுங்க" என்றார்.

முப்பத்தி எட்டு விநாடி. மதினியின் கை, கேரியர் பிடி, கறுப்புக் கயிறு. மதினி குரல்: "எங்க கேரியர் எல்லாத்துலயும் இந்தக் கயிறு இருக்கும். கொண்டு வாரவங்க பிள்ளையப் பத்தி ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீங்களா சொன்னா சந்தோசமாக் கேட்டுக்கிடுவோம். ஒரு வீட்டுல தப்புப் பண்ணிட்டோம். இனிமே வீடு, பேரு, முகம் எதுவும் படமாப் போடமாட்டோம்."

கடைசி இரண்டு வாக்கியம் நான் எழுதியது அல்ல. ஒரு நிறுவனம் இப்படிச் சொன்னால் பெயர் கெடும் என்று நான் சென்னையில் பத்துத் தடவையாவது அறிக்கை எழுதியிருப்பேன்.

ஜூலை 6, சனி

1,600 கிராம். பார்வைகள் 412. அழைப்புகள் 7. புதிய வீடுகள் 4.

பதினோராயிரம் பேர் பார்த்தபோது பூஜ்யம். நானூறு பேர் பார்த்தபோது நான்கு. அழைத்தவர்கள் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். ஒருவர் தன் மகளுக்கு இரட்டை என்றும் சம்பந்தி வீட்டுக்கே இன்னும் சொல்லவில்லை என்றும் மதினியிடம் சொன்னார். விலகின இரண்டு பேரில் ஒருவர் திரும்ப வந்துவிட்டார். "தப்புப் பண்ணிட்டோம்னு சொன்னீங்களே, அதுக்குத்தான்" என்றாராம்.

வீடுகள் 7.

ஜூலை 9, செவ்வாய்

1,675 கிராம். மருத்துவமனையில் பெட்டியிலிருந்து எடுத்து அம்மா நெஞ்சோடு வைக்கிறார்களாம். அனுசுயா அனுப்பிய குரல் பதிவில் அவர் பேசவில்லை. பதினொரு விநாடி ஒரு சின்ன மூச்சுச் சத்தம். மூன்று தடவை கேட்டேன். நான்காவது தடவை மதினியும் பேச்சியக்காவும் கேட்டார்கள். பேச்சியக்கா நிஜமாகவே நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 13, சனி

1,780 கிராம். வீடுகள் 9.

சென்னையிலிருந்து பழைய கூட்டாளி ஒருவன் பேசினான், எப்போது திரும்புகிறாய் என்று. வேலையை விட்டு வந்தேன் என்றுதான் அவனிடமும் சொல்லியிருந்தேன்.

விடவில்லை. மார்ச் 28, காலை 10 மணி, நான்கு நிமிட அழைப்பு. எங்கள் குழு தேவையில்லை என்றார்கள். அதை இதுவரை நான் எங்கும் எழுதவில்லை, இதிலும்கூட.

ஜூலை 15, திங்கள்

1,830 கிராம். வீட்டுக்கு வந்தாயிற்று. இனிமேல் எண்ண வேண்டாம் என்று அனுசுயா எழுதியிருக்கிறார்.

ஜூலை 16, செவ்வாய்

ஆனி கடைசி நாள். வீடுகள் 9. சாயங்காலம் வரை போன் ஒலிக்கவில்லை. மதினி ஃப்ரிட்ஜ் மேலிருந்த எண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஒண்ணு கொறஞ்சா என்ன மதினி?" என்றேன். "நான்தான சொன்னேன் பத்துன்னு" என்றார். என்னைவிடக் கறார்.

ஜூலை 17, புதன், ஆடி 1, காலை 7.50

போன் ஒலித்தது. தங்கபுஷ்பம் அம்மா.

"செண்பகம், என் தங்கச்சி மகளுக்கு எட்டாம் மாசம். பெருமாள்புரத்துல இருக்கா. அவளுக்கும் உன் சாப்பாடுதான்னு சொல்லிட்டேன். ஆனா அந்தப் பையன் கேரியர் கொண்டு வரக் கூடாது."

"வர மாட்டான்க்கா."

அந்தப் பக்கம் அவர் ஒரு தடவை செருமினார். பிறகு, "பேத்திக்குப் பேரு வைக்கும்போது வரட்டும். அன்னிக்குப் போட்டோ எடுக்கலாம். நான் சொன்ன பொறவு."

மதினி விடுதி எண்ணைக் கிழித்து அடுப்பில் போட்டார். பேச்சியக்கா குலவை போட ஆரம்பித்து, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு இது நம் வீடுதானே என்று முழுசாகப் போட்டார்.

பத்துக் கேரியருக்கும் கயிறு கட்ட உட்கார்ந்தோம். பதினொன்றாவதாக என் சின்னக் கேரியர் இருந்தது. ஏப்ரலில் கட்டின கயிறு, வெளுத்துப் போயிருந்தது. நூற்றுச் சில்லறை நாள், நாளுக்கு மூன்று வேளை, படி ஏறி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அண்ணன்கூட ஒரு நாளும் கேட்டதில்லை. நான் அதை நேரம் மிச்சம் என்று எழுதியிருக்கிறேன்.

சாவிக்கொத்தை எடுத்தேன். இந்தத் தடவை என்னுடையதைத்தான் அறுத்தேன்.

"அக்கா, எனக்கு வேலை போயிட்டு" என்றேன். "மார்ச்லயே."

மதினி தலை நிமிரவில்லை. முடிச்சைப் போட்டு முடித்தார். "தெரியும்ல" என்றார். "சாப்பிடு மொதல்ல."

பேச்சியக்கா கயிறில்லாத பிடியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். மூன்றரை மாதம் அடைத்து வைத்த தண்ணீர். "ஏன் போச்சு? யாரு அனுப்புனா? ஒங்கள மட்டுமா, எல்லாரையுமா? அவன் நல்லா இருப்பானா? அழுதியளா தம்பி? சாப்பிட்டியளா அன்னிக்கு?" எண்ணினேன். பதினான்கு கேள்விகள். ஐந்துக்குப் பதில் சொல்வதற்குள் கேரியர் நேரம் ஆகிவிட்டது.

இனிச் செய்ய வேண்டியவை:

1. படத்தில் கேட், பெயர்ப்பலகை, முகம் இருந்தால் அழிப்பது. எவ்வளவு நல்ல வெயிலாக இருந்தாலும்.
2. வாட்ஸ்அப்பில் வரும் குரலுக்குப் பத்து நிமிடத்துக்குள் மதினி குரலிலேயே பதில். நான் தட்டச்சு செய்வதில்லை.
3. பேச்சியக்காவின் மொபெட் எட்டாத தூரத்துக்கு விளம்பரம் கிடையாது.
4. புட்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டவரைத் தேடிப் பிடித்து, கிடைக்கும் என்று சொல்வது.
5. கறுப்புக் கயிறு ஒரு கண்டு வாங்குவது.
6. பேச்சியக்காவின் மிச்சம் ஒன்பது கேள்விகள்.
7. நாளையிலிருந்து மாடிக்குக் கேரியர் வேண்டாம் என்று சொல்வது. கீழே போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது.